சென்ட்ரல் லைன் தொற்று: கணக்கு எழுதுவோர் கேட்டவை

தொற்றுத் தடுப்பு நர்ஸாக ஐசியூக்களைச் சுற்றிவருபவள் நான். சென்ட்ரல் லைன் என்பது கழுத்து, தொடை போன்ற இடத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் குழாய். அதனால் ரத்தத்தில் வரும் தொற்றைக் கணக்கெடுக்க நாங்கள் பின்பற்றுவது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வரையறை.

கழுத்தில் ஒரு லைன், தொடையில் டயாலிசிஸ் கதீட்டர். ஒரே நோயாளி. லைன் நாள் ஒன்றா, இரண்டா சிஸ்டர்?

ஒன்றுதான்மா. எண்ணுவது குழாயை அல்ல, குழாயோடு படுத்திருக்கும் ஆளை. பத்துப் பேரில் ஆறு பேருக்கு லைன் இருந்தால், அதில் ஒருவருக்கு இரண்டு இருந்தாலும், அன்றைய கணக்கு ஆறு லைன் நாள். தினமும் ஒரே நேரத்தில், கட்டில் கட்டிலாகப் போய் எண்ணுங்கள். ஒரு நோட்டில் சனியும் ஞாயிறும் மாதம் முழுக்க 6, 6, 6 என்று ஒரே பேனாவில் இருந்தது. திங்கள் காலை உட்கார்ந்து நிரப்பியது என்று கேட்காமலே தெரிந்தது.

லைன் போட்ட மறுநாளே பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பாசிட்டிவ். லைன் தொற்று என்று எழுதலாமா மேடம்?

கூடாது. மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு. இரவு 11 மணிக்குப் போட்டாலும் அன்றே முதல் நாள். லைனை எடுத்த அன்றோ மறுநாளோ வந்த தொற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். என்ன செய்வது?

அது நம் தோலில் குடியிருக்கிற கிருமி. தனித்தனியாக எடுத்த இரண்டு கல்ச்சரில் வளர வேண்டும். கூடவே 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ, பிபி இறக்கமோ இருக்க வேண்டும். ஒரே குத்தில் எடுத்து இரண்டு பாட்டிலில் விட்டால் அது ஒரு கல்ச்சர்தான். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா மாதிரி நோய்க்கிருமி என்றால் ஒன்றே போதும், ஆனால் அது சிறுநீரிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ ரத்தத்துக்கு வந்ததல்ல என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இன்னொன்று: இது கணக்குக்கான வரையறை. மருந்து கொடுப்பதை டாக்டர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்வார்.

தொற்று விகிதம் போன மாதம் பூஜ்யம், இந்த மாதம் 1000 லைன் நாளுக்கு 11. நிர்வாகம் குதிக்கிறது!

எத்தனை லைன் நாள் என்று சொல்லாமல் குதிப்பதில் அர்த்தமில்லை. 180 லைன் நாளில் 2 தொற்று என்றால், 2-ஐ 180-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 11.1. ஒன்று குறைந்தால் 5.6. சின்ன ஐசியூவில் ஒரே நோயாளி விகிதத்தைப் புரட்டிப் போட்டுவிடுவார். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த பூஜ்யம்தான். காய்ச்சல் வந்தவர்களுக்கு பிளட் கல்ச்சர் அனுப்பினார்களா? அனுப்பாத ஐசியூவில் தொற்று பிடிபடாது.

நிஜ பூஜ்யமும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு 103 ஐசியூக்களில் செய்து 2006-ல் வெளியிட்டது: 1000 லைன் நாளுக்கு 2.7 ஆக இருந்த இடைநிலை விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யம். கை கழுவு, முழு கவுனும் பெரிய துணியும் போடு, குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினியால் தோலைத் துடை, தொடையைத் தவிர், தேவையில்லாததை எடு. முக்கியமாகச் செய்தது இந்த ஐந்தும்தான்.

அப்பாவுக்குக் கழுத்தில் லைன் இருக்கிறது. வீட்டு ஆட்கள் நாங்கள் என்ன கேட்கலாம்?

தினமும் ரவுண்ட்ஸில், "இன்னைக்கும் இந்த லைன் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் டிரெஸ்ஸிங் ஈரமாகவோ ஓரம் பிரிந்தோ இருந்தால், நீங்கள் தொடாதீர்கள், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.