வீட்டிலேயே பைக் சக்கரத்தைக் கழற்ற, அதிகச் செலவில்லாமல் என்ன கருவிகள் வாங்கலாம்?

முழு டூல் செட் வேண்டாம். ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நட்டின் அளவை மேனுவலில் பார்த்து, அதற்கு ஒரு ஆறுமுனை சாக்கெட்டும், அதைத் திருப்ப நீளமான பிரேக்கர் பார் என்ற கைப்பிடியும் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் இறுகிய நட்டின் மூலைகளை மழுக்கிவிடலாம்.

சில பைக்குகளில் முன் ஆக்ஸிலுக்குள் அறுகோணக் குழி இருக்கும். அதற்கென விற்கும் பெரிய ஆலன் சாக்கெட்டை வாங்கத் தேவையில்லை. குழிக்குள் சரியாகப் பொருந்தும் தலையுள்ள போல்ட் ஒன்றை எடுத்து, அதன் மரையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று முட்டும்படி நன்றாக இறுக்குங்கள். போல்ட் தலையைக் குழிக்குள் விட்டு, நட்டை ஸ்பேனரால் திருப்பினால் ஆக்ஸில் சுழலும். உண்மையாகவே நன்றாக வேலை செய்யும் வழி இது.

நட்டைச் சரியான அளவு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் மட்டும் காசு பார்க்காதீர்கள். முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள். நட் சரியாக இறுகாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் பின்சக்கரத்துக்குத் தனி ஸ்டாண்ட் வேண்டாம். தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிடுங்கள். அப்புறம், டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்வரை பிரேக்கை அழுத்தவே கூடாது. பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.