பதினேழு வயதில் போட்ட கையெழுத்து

கேள்வி: வணக்கம். நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். என் மகள் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், இடைநிலைப் பள்ளியில் படிவம் 5 படிக்கும்போது, கோயில் திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு ஓர் இசைக் கம்பெனிக்காரர் கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்கு வந்தார். படத்தில் பாட வைப்பதாகச் சொன்னார். 12 பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள், அவள் அப்பா சாட்சி போட்டார். கையில் 500 வெள்ளி (ரிங்கிட்) தந்தார்கள். அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பாட்டு வெளிவந்தது, ஒரு படத்திலும் வந்தது. ஆனால் பாடலாசிரியர், இசை என்று போட்ட இடத்தில் முதலாளியின் பெயர். காசு கேட்டால், நாங்கள்தான் 17,988 வெள்ளி பாக்கி என்கிறார்கள். 7 வருடத்துக்குக் கல்யாணக் கச்சேரியில்கூடப் பாடக் கூடாதாம், மீறினால் 50,000 வெள்ளி கட்ட வேண்டுமாம். இப்போது, “பழைய ஒப்பந்தத்தை உறுதி செய்கிறேன்” என்று ஒரு பக்கக் கடிதத்தில் மகள் கையெழுத்துப் போட்டால் பாக்கியில் பாதியைத் தள்ளுவதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் போட்டுவிடலாம் என்கிறார். சாட்சி போட்ட அவருக்கும் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது. ஒப்பந்தத்தையும் அவர்கள் தந்த கணக்குத் தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்வது?

பதில்: அக்கா, வழக்கறிஞராகச் சொல்கிறேன், அந்த ஒரு பக்கக் கடிதத்தில் மகள் கையெழுத்துப் போடக் கூடாது. இன்று இரவு உங்கள் வீட்டுக்கார அண்ணனிடம் பேசும்போது இதை மட்டும் பேசுங்கள், மற்றது பிறகு.

நம் மலேசியாவில் 1971-ஆம் ஆண்டின் வயதுவரம்புச் சட்டப்படி 18 வயது நிறைந்தால்தான் ஒருவர் மேஜர். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆவது பிரிவு, மேஜர் ஆனவருக்குத்தான் ஒப்பந்தம் செய்யும் தகுதி உண்டு என்கிறது. தகுதியில்லாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பதே நம் நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் நிலை. உங்கள் மகள் கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு 17. நீங்கள் அனுப்பிய படத்தில், முதல் பக்கத்திலேயே அவள் ஐசி (அடையாள அட்டை) எண் இருக்கிறது. பிறந்த தேதி அதிலேயே இருப்பதால், எதிரில் இருப்பது மைனர் என்று கம்பெனிக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது அவளுக்கு 19. அந்தப் பழைய 12 பக்கம் நிற்காது என்பதை அவர்களின் வழக்கறிஞர் அவர்களுக்குச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இந்த அவசரம். மேஜராகிவிட்ட பெண்ணிடம் புதிய கையெழுத்தை வாங்கிவிட்டால், இல்லாத ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. “பாதிப் பாக்கி தள்ளுபடி” என்பது அதற்குக் கட்டும் விலை. உண்மையில் அது விலைகூட இல்லை, தள்ளுபடி செய்ய அங்கே பாக்கியே கிடையாது.

கம்பெனி ஒரு பதில் சொல்லக்கூடும்: “அவள் எங்களிடம் வேலை செய்தாள், மைனர் வேலைக்குச் சேரலாமே.” 1966-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் அப்படி ஒரு வழியைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, வேலை ஒப்பந்தத்தை மீறினார் என்று மைனரிடமிருந்து நட்டஈடு வாங்க முடியாது என்றும் சொல்கிறது. எந்த வழியாக வந்தாலும் 50,000 வெள்ளி அவள் தலையில் இறங்காது.

அண்ணன் கையெழுத்தைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். படத்தில் அவர் பெயருக்குக் கீழே “சாட்சி” என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்னார் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்பதற்கு மேல் சாட்சிக்குக் கடமை இல்லை. வேறு ஏதாவது தாளில் “உத்தரவாதம்” என்று அவரிடம் வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் கணக்குத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். ஸ்டூடியோ 6,000, வீடியோ 8,000, ஒப்பனை 1,200, விளம்பரம் 3,200. கூட்டினால் 18,400. பாட்டின் வருமானம் 4,120 வெள்ளி என்று போட்டு, அதில் மகளின் பங்கு 10 விழுக்காடு, 412 வெள்ளி என்று காட்டி, அதைக் கழித்து 17,988 பாக்கி என்கிறார்கள். அந்த வீடியோவை உங்கள் தோட்டத்துக் கோயில் திடலில் ஒரே மதியத்தில், இரண்டு பேர் வந்து எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 8,000 வெள்ளியா? ரசீது கேளுங்கள்.

ரசீதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். செலவு முழுவதையும் மகளின் 10 விழுக்காட்டில் மட்டுமே கழிக்கிறார்கள், கம்பெனியின் 90 விழுக்காட்டைத் தொடுவதில்லை. அப்படியானால் 18,400 வெள்ளி கழிய, பாட்டு 1,84,000 வெள்ளி சம்பாதிக்க வேண்டும். அதற்குள் கம்பெனி தன் பங்காக 1,65,600 வெள்ளியை எடுத்திருக்கும். போட்ட முதல் பல மடங்காகத் திரும்பிய பிறகும் பாடியவள் கடன்காரிதான். இது உங்கள் மகளுக்கு மட்டும் நடந்ததில்லை. இசைத்துறையில், உலகம் முழுவதும், பெரிய கம்பெனிகள்கூடப் பல பத்தாண்டுகளாகக் கலைஞர்களிடம் எழுதி வாங்கும் முறையே இது. நம் பாட்டன் பூட்டனுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. ஊரில் ஆள் சேர்க்க வந்த கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கடன்பட்டவர்களாகவே எத்தனையோ பேர் இந்தத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1938-இல் இந்தியா அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. பாட்டுக் கம்பெனிகள் அதே முன்பணக் கணக்கை இன்றும் வைத்திருக்கின்றன.

இதிலும் இவர்கள் தங்கள் தாளையே சரியாகப் படிக்கவில்லை. 5-ஆம் பக்கத்தில், செலவு “பங்குத் தொகையிலிருந்து மட்டும்” கழிக்கப்படும் என்று இருக்கிறது. வருமானம் வந்தால் கழிப்பார்கள், வராவிட்டால் அது கம்பெனியின் நட்டம். கைக்காசிலிருந்து கட்டச் சொல்ல அவர்களின் ஒப்பந்தமே இடம் தரவில்லை.

பாடவே கூடாது என்ற தடைக்கு வருகிறேன். சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்தத் தடையின் அளவில் செல்லுபடியாகாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் 28-ஆவது பிரிவு. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடைக்கு இது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு, ஆகவே நான் முதலில் வயதைத்தான் எடுப்பேன். இங்கிலாந்தில் 1966-இல் 21 வயதுப் பாடலாசிரியர் ஒருவர் 50 பவுன் முன்பணம் வாங்கிக்கொண்டு ஐந்து வருடத்துக்குத் தன் பாட்டையெல்லாம் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பாட்டைக்கூட வெளியிடும் கட்டாயம் பதிப்பகத்துக்கு இல்லை. 1974-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அங்கே மேஜருக்கே அப்படி.

50,000 வெள்ளி அபராதத்துக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. தாளில் ஒரு தொகையை எழுதிவிட்டதால் அது முழுசாகக் கிடைத்துவிடாது. நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே என்கிறது ஒப்பந்தச் சட்டம் 75-ஆவது பிரிவு.

பாட்டுக்கு வருவோம். எனக்கு இதுதான் மிக முக்கியம். 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரியும் மெட்டும் எழுதியவருக்கே முதலில் சொந்தம். அவர் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 50 ஆண்டும் அந்த உரிமை இருக்கும். எழுத்தில் இல்லாமல் உரிமை கைமாறாது. இவர்களிடம் உள்ள எழுத்தோ மைனரின் கையெழுத்து. கம்பெனி, “நாங்கள் சொல்லித்தான் எழுதினாள்” என்று கிளப்பக்கூடும். கேட்டு எழுதிக் கொடுத்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவருக்குப் போய்விடும் என்று 26-ஆவது பிரிவில் இருப்பது உண்மை. அதனால்தான் அந்த முதலாளி உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே பாட்டு இருந்தது என்பதை நாம் காட்ட வேண்டும். மகள் தோழிக்கு அனுப்பிய குரல்பதிவில் தேதி இருக்கும். போனை மாற்றவோ, செய்திகளை அழிக்கவோ வேண்டாம்.

ஒலிப்பதிவு கம்பெனியுடையதாகவே இருந்தாலும், எழுதியவளின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட முதலாளிக்கு உரிமை கிடையாது. 25-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. பதிப்புரிமை மீறலுக்கு நீதிமன்றம் நட்டஈடோ, அவர்கள் சம்பாதித்த லாபமோ தர உத்தரவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை சட்டம் குறித்த நட்டஈடும் கேட்கலாம்.

நான் முதலில் செய்யப்போவது ஒரு கடிதம்: ஒப்பந்தம் செல்லாது, கணக்கைக் காட்டு, 14 நாளுக்குள் பெயரைத் திருத்து என்று. பணிந்தால் வழக்கு வேண்டாம். கூடவே, பாட்டு தன்னுடையது என்று மகள் சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணம் செய்து, அறிவுசார் சொத்துக் கழகத்தில் பாட்டைப் பதிந்துவிடட்டும். வழக்கு என்று வந்தால் ஆறு வருட அவகாசம் இருக்கிறது, அதில் இரண்டு போய்விட்டது. என் கட்டணத்தைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, தேவைப்பட்டால் நானே அழைத்துப் போகிறேன்.

இதற்கிடையில் மகள் ஃபேஸ்புக்கில் முதலாளியைத் திட்டி எழுத வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அவதூறு வழக்கு என்ற பிடியை நாமே அவர் கையில் கொடுக்கக் கூடாது. அவர் போன் செய்தால், “எங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். அடுத்த மாதக் கல்யாணக் கச்சேரியை ஒப்புக்கொள்ளலாமா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை என்னைப் பார்க்க வரும்போது கணக்குத் தாள், போன், ஐசி மூன்றையும் எடுத்து வாருங்கள். பாட்டை எழுதிய பள்ளி நோட்டை, பக்கத்தைக் கிழிக்காமல், முழு நோட்டாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் உள்ள வீட்டுப்பாடத்தில் ஆசிரியர் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருப்பார்.