குவியம் எங்கே விழுகிறது? வில்லை, அரியம் பற்றிய கேள்வி பதில்

வன்னிப் பாடசாலைகளில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பைனாகுலர், நுணுக்குக்காட்டி திருத்துவதும் உண்டு. பதிலுக்கு முன் ஒன்று: எந்த வில்லை வழியாகவும் சூரியனைப் பார்க்காதீர்கள்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: சேர், பைனாகுலருக்குள் அரியம் எதற்கு? ஆடி வைத்தால் போதாதா?

பிள்ளை, முன்னால் இருக்கும் குவிவு வில்லை தலைகீழான, இடம் வலம் மாறிய விம்பத்தைத் தரும். அதை நிமிர்த்தத்தான் இரண்டு செங்கோண அரியங்கள், அதாவது முக்கோண வடிவக் கண்ணாடிக் கட்டிகள். கண்ணாடியின் அவதிக் கோணம் ஏறத்தாழ 42 பாகை, அதாவது முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அதைவிடச் சரிவாக உள்ளிருந்து முட்டும் ஒளி வெளியே வராது. அரியத்துக்குள் ஒளி 45 பாகையில் முட்டுவதால் வெளியேற வழியில்லை, முழுதும் தெறிக்கிறது. ஆடியின் பூச்சு ஒளியில் கொஞ்சத்தை விழுங்கும், நாளடைவில் கறுத்தும் போகும். அரியத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒளி மடிந்து மடிந்து போவதால் குழாயும் குட்டையாகிறது. இத்தாலியரான பொரோ 1854இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரணைமடுவில் பறவை பார்க்க 8×42 நல்லது. 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. அவ்வளவு அகலமான ஒளிக்கற்றை கண்ணுக்கு வருவதால் விடியற்காலை மங்கலிலும் பறவை தெரியும்.

மாங்குளம்: அப்பாவின் பழைய வாசிப்புக் கண்ணாடியின் பவர் எவ்வளவு என்று வீட்டிலேயே அறியலாமா?

அறியலாம். யன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெளியே நிற்கும் மரத்தின் விம்பம் கூர்மையாக விழும் வரை வில்லையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுவருக்கும் வில்லைக்கும் இடையிலான தூரத்தை மீற்றரில் எடுத்து 1ஐ அதனால் வகுங்கள். 50 சென்ரிமீற்றர் என்றால் +2, 40 என்றால் +2.5. குழிவு வில்லை சுவரில் விம்பம் தராது, ஆகவே கிட்டப்பார்வைக் கண்ணாடியை இப்படி அளக்க முடியாது.

துணுக்காய்: எனக்கு 45 வயது, என்ன பவர் வாங்கலாம்?

கண் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள்.

பரந்தன்: 52 வயது, என்ன பவர்?

மேலே சொன்னதுதான். வயதை மட்டும் வைத்து நான் பவர் சொல்ல மாட்டேன்.

விசுவமடு, மிளகாய்த் தோட்டம்: உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்தால் துளி பூதக்கண்ணாடிபோல் இலையை எரிக்கும் என்று அப்பு சொல்வார். உண்மையா?

மிளகாய் இலை எரியாது. உருண்டையான நீர்த்துளியின் குவியம், அதாவது கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளி, துளியின் அடியிலிருந்து இன்னும் ஓர் ஆரை தூரம் தள்ளித்தான் விழும். இலையில் துளி தட்டையாக உட்காருவதால் குவியம் அதைவிடத் தூரம் போய்விடும். இலையோ துளியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எரிக்க வேண்டிய புள்ளி இலைக்குக் கீழே எங்கேயோ. போதாததற்குத் தண்ணீர் இலையைக் குளிரவும் வைக்கிறது.

புதுக்குடியிருப்பு: ஐயா, ஒப்புக்கொள்ள முடியாது. பூசணி இலையில் புள்ளி புள்ளியாகக் கருகியதைக் கண்ணால் கண்டேன்.

கருகியதை நம்புகிறேன். அது துளி செய்த வேலை என்பதைத்தான் ஏற்க முடியாது. உப்புத் தண்ணீர் காய்ந்தாலும், உரக்கரைசலை வெயிலில் தெளித்தாலும் அப்படிக் கருகும். இலையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

விசுவமடு, மறுபடி: அப்படியானால் அப்பு சொன்னது முழுக்கப் பிழையா?

முழுக்க இல்லை, அதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலையில் வைத்த நீர்த்துளி எதையும் எரிக்கவில்லை. அதே மாதிரி இலையில் கண்ணாடிக் குண்டை வைத்தபோது கருகியது, ஏனென்றால் கண்ணாடியின் குவியம் குண்டுக்கு மிகக் கிட்ட விழும். நீரில் மிதக்கும் சல்வீனியாவின் இலையில் மெழுகுத்தன்மையுள்ள மயிர்கள் உண்டு. அவை துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். அங்கே குவியம் இலையில் விழுந்தது, இலையும் கருகியது. அப்பு துளியை வில்லை என்றது சரி. குவியம் எங்கே விழுகிறது என்பதைத்தான் பார்க்கவில்லை.

நீங்களே பார்க்கலாம். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, வெயிலில் கடதாசிக்கு மேல் பிடியுங்கள். ஒட்டி இருக்கும்போது பொட்டு இராது. மெல்ல உயர்த்தினால் ஓரிடத்தில் பளிச்சென்று வரும். அந்தப் பொட்டைக் கடதாசியில் பாருங்கள், சூரியனை நிமிர்ந்து பார்க்காதீர்கள்.

மத்தியானத்தில் தண்ணீர் விட்டால் ஒரு பகுதி வீணாக ஆவியாகும். காலையில் விடுங்கள், காரணம் அதுதான்.

முல்லைத்தீவு: காட்டோரம் மண்ணில் புதைந்த ஒரு குழாய், முனையில் கண்ணாடி. வில்லையைக் கழற்றலாமா?

தொடாதீர்கள், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வவுனியா: காணி அளக்க வந்தவர்கள் கம்பின் முனையில் பிடித்த கண்ணாடி என்ன?

அதுவும் அரியம்தான். கன சதுரத்தின் ஒரு மூலையை வெட்டி எடுத்ததுபோல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள். கம்பு கொஞ்சம் சரிந்தாலும் கதிர் வந்த திசையிலேயே திரும்பிப் போகும், கருவி அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். 1969இல் அப்பலோ 11 சந்திரனில் இப்படிப்பட்ட 100 அரியங்களை வைத்துவிட்டு வந்தது. இங்கிருந்து லேசர் அனுப்பினால் ஏறத்தாழ இரண்டரைச் செக்கனில் திரும்பி வரும். சைக்கிளின் பின்பக்கச் சிவப்புத் தெறிப்பானைக் கிட்டப் பாருங்கள், அதே மூலைகள் குட்டி குட்டியாக இருக்கும்.

நெடுங்கேணி: வில்லையைச் சாரத்தால் துடைக்கலாமா?

கூடாது. நம் ஊர்ப் புழுதியில் இருக்கும் குவார்ட்சு மணல் கண்ணாடியைவிடக் கடினமானது, கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு சுத்தமான மெல்லிய பருத்தித் துணி.

ஒட்டுசுட்டான், ஆசிரியை: ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு குவிவு வில்லைதான் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு முதலில் எதைக் காட்டலாம்?

கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள். ஒரு யன்னலை மட்டும் கையகலம் திறந்து, வில்லையை அங்கே பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தூரத்தை அவர்களே தேடட்டும். முற்றத்துப் பாலை மரம் தலைகீழாக, பச்சை மாறாமல், இலை அசைய வந்து விழும்.