ஏர் ரைபிள் டியூனிங்: கொங்கு நண்பர்கள் கேட்டதும் பதிலும்

4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிளைப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். 10 மீட்டரில் தாள், 25 மீட்டரில் டப்பா, இதற்குத் துப்பாக்கியைத் தயார் பண்ணுவதுதான் விஷயம். வேட்டைக் கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது.

சூலூர்: புதுசா பிரேக் பேரல், அதாவது பேரலை மடக்கி லோடு பண்ற ரைபிள் வாங்கியிருக்கேனுங்க. சுட்டா 'டொய்ங்'னு சத்தம் வருது, கன்னத்துல அதிருது. சரி பண்ண முடியுங்களாண்ணா?

முடியும் தம்பி. ஸ்பிரிங் அதன் கைடு (ஸ்பிரிங்குக்குள் நிற்கும் தண்டு) மேல் லூசாக உட்கார்ந்திருப்பதால் வரும் சத்தம் அது. கம்பெனி போடும் கைடுக்கும் ஸ்பிரிங்கின் உள்விட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பிஸ்டன் முன்னால் போய் நின்ற பிறகும் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும்.

பேரலை மடக்கி, உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டு, முன்பக்கம் இரண்டு ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ எடுத்து மரக்கட்டையைக் கழற்றுங்க. அடுத்ததுதான் ஆபத்தான படி. பின்மூடியின் பின்னைத் தட்டும்போது உள்ளே ஸ்பிரிங் 5 முதல் 7 செ.மீ. வரை அமுங்கி நிற்கும். கையால் பிடித்துக் கழற்றினால் மூடி நேராக முகத்துக்கு வரும். தச்சர்கள் பலகை ஒட்டும்போது போடுகிற நீளக் கிளாம்பு ஒன்றை வாங்கி மூடியை அமுக்கிப் பிடித்து, பின்னை எடுத்து, திருகை மெதுவாகத் தளர்த்துங்க. தலை ஒருபோதும் குழாயின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது.

பிஸ்டன் வெளியே வந்ததும் பருத்தித் துணி சுற்றிய குச்சியைக் குழாய்க்குள் விட்டு இழுங்க. நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. பெரும்பாலும் காக்கிங் லிவர் ஓடும் நீளத் துளையின் விளிம்பில்தான் இருக்கும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷரான சீலைப் புதிதாகப் போட்ட அன்றைக்கே கீறிவிடுவது அந்தப் பிசிர்தான். அந்த இடத்தை 400 எமரித் தாளில் தேயுங்க, அப்புறம் 600. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காய விடுங்க. சீல் போட்ட பிஸ்டனைக் கட்டைவிரலால் தள்ளினால் சீராக நகர வேண்டும். தானாக வழுக்கி விழுந்தால் லூஸ். உள்ளங்கையால் அடித்தால்தான் போகும் என்றால் டைட், சீலின் விளிம்பை 600 எமரியில் தேய்த்துக் குறைக்கணும்.

கைடை டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்துகொள்ளுங்க. கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? அளவை எழுதிக் கொடுக்காமல் ஸ்பிரிங்கையே கையோடு கொண்டு போங்க. விரல் அழுத்தத்தில் கைடு உள்ளே இறங்கணும், தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக் கூடாது. ஸ்பிரிங் அமுங்கும்போது விட்டம் சற்றுப் பெருக்கும், அதனால் கைடில் சிக்காது. அதே காரணத்தால் பிஸ்டன் உட்சுவருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும்.

பிஸ்டனின் முன், பின் விளிம்புகளில் மாலிப்டினம் பேஸ்ட் ஒரு படலம் மட்டும். ஸ்பிரிங் மேல் ஒட்டும் தன்மையுள்ள டேம்பிங் கிரீஸ் லேசாக. சீலுக்கு முன்னால் எதுவுமே போகக் கூடாது. திரும்ப மாட்டும்போது மரக்கட்டை ஸ்க்ரூக்கள் கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் 243 ஒரு சொட்டு.

பொள்ளாச்சி: காத்து வர்ற ஓட்டையில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா பவர் ஏறுதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

சத்தம் ஏறும். பிஸ்டன் காற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அமுக்கும்போது சூடு எக்கச்சக்கமாக ஏறி, எண்ணெய் டீசல் இன்ஜினில் போலவே பற்றிக்கொள்ளும். ஒரு குண்டு பறக்கும், அடுத்தது சுணங்கும், மூன்றாவது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். எந்த எண்ணெயும் அந்த ஓட்டைக்குள் வேண்டாம். பழைய மாடலில் தோல் வாஷர் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. காய்ந்த தோல் காற்றைப் பிடிக்காது என்பதால், தீப்பற்றும் வெப்பநிலை அதிகமுள்ள சிலிகான் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, துப்பாக்கியை இரவு முழுக்க நிமிர்த்தி வையுங்க. அந்தச் சிலிகான் எண்ணெயை ஸ்பிரிங் மேல் விடாதீங்க, இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது தாங்காது.

காங்கேயம்: ஸ்பிரிங்கை மாத்தாம வெறும் கைடு போட்டு என்னங்க பிரயோசனம்? கனமான ஸ்பிரிங் போட்டு 200 மீட்டர் வேகம் 215 ஆச்சுங்க. பவர் இருந்தாத்தானே குறி நிக்கும்?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10.6 ஜூல். 215 என்றால் ஏறக்குறைய 12.2 ஜூல். 25 மீட்டரில் இது பெல்லட்டை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே தூக்கும். ஸ்கோப்பில் சில கிளிக் திருப்பினால் கிடைக்கிற ஒரு சென்டிமீட்டர் அது.

நீங்கள் பார்க்க வேண்டியது சராசரி வேகத்தை அல்ல, பத்துக் குண்டில் வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் நொடிக்கு 10 மீட்டராக இருந்தால், 25 மீட்டரில் முக்கால் செ.மீ. மேலும் கீழும் சிதறும். அதை எந்த ஸ்கோப்பாலும் சரி பண்ண முடியாது. 10 மீட்டரிலேயே ஒரு மி.மீ.க்கு மேல் வரும். போட்டித் தாளில் பத்தாம் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. என்பதை இதோடு வைத்துப் பாருங்க. கனமான ஸ்பிரிங் பிஸ்டனை முன்சுவரில் மோதித் திருப்பி அடிக்க வைக்கும், பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி குலுங்கும். வேகம் கூடும், தாளில் குண்டுகள் விழும் கூட்டம் விரியும்.

சங்ககிரி: காங்கேயத்தார் சொல்றதுலயும் நியாயமிருக்குதுங்க. வேகமாப் போனா காத்துல ஒதுங்குறது கம்மியாகுமில்லீங்களா?

ஆகும், அதை மறுக்கவில்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் சுட்டால் அது தெரியும். ஆனால் 200-க்கும் 215-க்கும் உள்ள லாபம், கனமான பெல்லட்டுக்கு மாறினால் கிடைக்கும் லாபத்தை விடக் குறைவு. காற்றுக்குப் பெல்லட்டை மாற்றுங்க, ஸ்பிரிங்கை விடுங்க.

காங்கேயம்: சட்டம் 20 ஜூல் வரைக்கும் விடுதுங்களே. அதுவரைக்கும் ஏத்துனா என்ன தப்பு?

0.53 கிராம் பெல்லட் 20 ஜூலைத் தொட நொடிக்கு 275 மீட்டர் வேண்டும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 349. அந்த வேகத்தை நெருங்க நெருங்க இடுப்புச் சிறுத்த ஏர்கன் பெல்லட் ஆட ஆரம்பிக்கும். 10 மீட்டர் போட்டி ரைபிள்களை உலகம் முழுக்க நொடிக்கு 170, 175 மீட்டரில் வைத்திருப்பது அதைத் தாண்டத் தெரியாமல் அல்ல. இன்னொன்று: 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலையோ 4.5 மி.மீ. விட்டத்தையோ தாண்டினால் உரிமம் வேண்டும். கோட்டை ஒட்டி டியூன் பண்ணி, ஒரு நாள் லேசான பெல்லட் போட்டு அளந்தால் 20.5 காட்டும். அப்போது உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம்.

ஸ்பிரிங்கை மாற்றியே தீருவேன் என்றால் ஒரு கணக்கை மட்டும் செய்யுங்க. கம்பியின் கனத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்க. 3 மி.மீ. கம்பி, 33 சுற்று என்றால் 99 மி.மீ. ஸ்பிரிங் இதற்கு மேல் அமுங்காது. பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து, அதைப் பிடித்து நிறுத்தும் ட்ரிகர் கொக்கி மாட்டும்போது உள்ளே மிஞ்சும் இடம் 104 மி.மீ. என்றால் 5 மி.மீ. மிச்சம், பரவாயில்லை. மிச்சம் இல்லையென்றால் கொக்கி மாட்டாது. பலம் போட்டு இழுத்தால் லிவர் வளையும்.

தாராபுரம்: சோளக்காட்டுல மயில் தொல்லை தாங்கலீங்க. எத்தனை ஜூல் வேணும்?

மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிறைத் தண்டனை உண்டு. வனத்துறையிடம் போங்க.

அவிநாசி: ஸ்கோப் மூணு வாரத்துல ஜீரோ ஓடிப்போச்சுங்க, செட் பண்ணுன குறி நிக்கல. நல்ல விலை குடுத்து வாங்கினது.

விலை அல்ல, வகைதான் முக்கியம். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் மோதியதும் முன்னால் இழுக்கும். பெரிய ரைபிள் ஸ்கோப்புகள் பின்னுதைக்கு மட்டும் கட்டப்பட்டவை, முன்னால் இழுக்கும்போது உள்ளே கண்ணாடியும் ரெட்டிக்கிளும் (குறிக்கோடும்) தளர்ந்துவிடும். ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு என்றே சொல்லி வாங்குங்க, பாரலாக்ஸ் (தூரத்துக்கு ஏற்பக் குறியைத் திருத்தும் அமைப்பு) 10 மீட்டர் வரை இறங்கணும்.

ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் மவுண்டைப் பாருங்க. துப்பாக்கி மேலுள்ள 11 மி.மீ. தண்டவாளத்தில் மவுண்ட் பின்னால் ஊர்ந்திருந்தால் பளபளவென்று கீறல் தெரியும். ஸ்டாப் பின் உள்ள ஒரே துண்டு மவுண்ட் போட்டு, பின்னைத் துளையில் இறக்குங்க. மரக்கட்டை ஸ்க்ரூக்களையும் முறுக்கிப் பாருங்க. பாதிப் பேருக்கு ஜீரோ ஓடுவது அங்கேதான்.

திருப்பூர்: தையல் மெஷின் ஆயில் விடலாமுங்களா?

பொள்ளாச்சிக்குச் சொன்னதேதான். பேரல் கீலில் ஒரு சொட்டு விடலாம், ஓட்டையில் வேண்டாம்.

திருப்பூர், இன்னொருவர்: மொட்டை மாடியில சுட, பின்னாடி என்ன வைக்கிறதுங்க?

உங்கள் ஊரில் அதற்கான சரக்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே. 30 செ.மீ. ஆழமுள்ள மரப்பெட்டி, பின்பலகை 18 மி.மீ. பிளைவுட், அதற்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு. உள்ளே பனியன் வேஸ்ட்டைக் காலால் மிதித்து நெருக்கமாக அடையுங்க. லூசாக அடைத்தால் ஒரே இடத்தில் சுடச் சுட குகை விழுந்து பின்பலகைக்குப் போய்விடும். முகப்பில் அட்டை. பெட்டிக்குப் பின்னால் வீடோ ரோடோ இருக்கக் கூடாது, சுவர் இருக்கணும். அடிக்கடி துணியைக் கிளறி ஈயத்தை எடுங்க, எடுத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கணும். பக்கத்தில் யார் நின்றாலும் கண்ணாடி அணியச் சொல்லுங்க.

பெருந்துறை: என்னுது காத்து சிலிண்டர் போட்ட ரைபிளுங்க. பம்பு அடிச்சு மாளல. பக்கத்து வெல்டிங் பட்டறையில ஆக்சிஜன் இருக்குது, அதுல ரொப்பிக்கட்டுங்களா?

வேண்டவே வேண்டாம். 200 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன், உள்ளே ஓ-ரிங்கில் கிரீஸ்: தீப்பொறி இல்லாமலேயே வெடிக்கும். துப்பாக்கி இருப்பது உங்கள் கன்னத்துக்குக் கீழே. பஞ்சர் கடைக் கம்ப்ரசரும் உதவாது, அது 8, 10 பார்தான் தரும். ஸ்கூபா சிலிண்டர் நிரப்புகிற உயர் அழுத்தக் கம்ப்ரசர் காற்று, இல்லையென்றால் கைப்பம்புதான். கைப்பம்பில் 50 தடவை அடித்ததும் நிறுத்தி ஆற விடுங்க, சூட்டில் ஈரம் உள்ளே போகும். சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியையும் பாருங்க. காலாவதியானதில் காற்று ஏற்றாதீங்க.

நாமக்கல்: ட்ரிகர் ரொம்ப கெட்டியா இருக்குதுங்க. ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டி, கொக்கியை அரம் போட்டு விடலாமா?

இரண்டும் கூடாது. கொக்கியின் மேல்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டது. அரம் போட்டால் அந்த மெல்லிய தோல் போய்விடும், கொஞ்ச நாளில் தேய்ந்து, தொடாமலே வெடிக்கும். பேரல் மடங்கியிருக்கும்போது அது வழுக்கினால் விரல் போகும். அதனால்தான் பெல்லட் போடும் நேரமெல்லாம் மறு கையால் பேரலைப் பிடித்திருங்க என்று சொல்கிறேன். ட்ரிகரில் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருந்தால் கால் திருப்பாகத் திருப்பி, உரசும் பின்களில் மாலி பேஸ்ட் போடுங்க. பிறகு பெல்லட் போட்டு, முனையைப் பெட்டிக்குள் நீட்டியபடி, மரக்கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்க. வழுக்கினால் அரைத் திருப்பு பின்னுக்கு.

அந்தியூர், இப்போது டெக்சாஸ்: இங்கே ரூகர் 10/22 என்ற .22 செமி-ஆட்டோ ரைபிள் வாங்கினேன். எதை முதலில் மாற்றுவது?

குண்டை. நான்கைந்து வகை ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாக்களை வாங்கி, 50 கெஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்க. ஹை வெலாசிட்டி தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது ஆடும். அடுத்தது ட்ரிகர் செட்: கம்பெனியின் பி.எக்ஸ். ட்ரிகர் இரண்டு பின்னைத் தட்டி மாற்றும் வேலைதான். போல்ட் பின்னால் மோதும் இரும்புப் பின்னை எடுத்துவிட்டு பாலியூரிதேன் பின் போட்டால் மோதல் சத்தம் குறையும். பேரலைப் பிடிப்பது ஒரு வி-பிளாக்கும் இரண்டு ஸ்க்ரூவும் மட்டுமே. மாறி மாறிச் சமமாக முறுக்குங்க. பின்பக்கம் மூடிய அமைப்பு என்பதால் முனையிலிருந்துதான் துடைக்கணும். கம்பி முனையின் உள்விளிம்பை உரசினால் குறி போச்சு, கைடு போட்டுத் துடையுங்க.

கோபி: அதே மாதிரி செமி-ஆட்டோ நம்மூர்ல வாங்க முடியுங்களா?

செமி-ஆட்டோ இங்கே தடை செய்யப்பட்ட பிரிவில் வருகிறது. .22 ஆசை என்றால் போல்ட் ஆக்‌ஷன். அதற்கும் உரிமம் வேண்டும். மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்ந்து வழி கேளுங்க.

மேட்டுப்பாளையம்: டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடிக்கலாமா?

பொள்ளாச்சி, திருப்பூர் பதில்களைப் படியுங்க.

ஈரோடு: பெல்லட் இல்லாம சும்மா சுட்டுப் பழகலாமுங்களா?

ஸ்பிரிங் துப்பாக்கியில் கூடாது. பெல்லட்டின் தடைதான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையை வைக்கிறது. அது இல்லையென்றால் பிஸ்டன் இரும்பில் இரும்பாக மோதும். பழக வேண்டுமென்றால் பெல்லட் போட்டே பழகுங்க. 10 மீட்டருக்குத் தட்டைத் தலை, 25-க்கு உருண்டைத் தலை. ஒரே ரகத்திலேயே தலை விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 என்று கிடைக்கும். உங்கள் பேரலுக்கு எது என்று பேரல்தான் சொல்லும். விரலால் அமுக்கும்போது ஒவ்வொன்றும் ஒரே அழுத்தத்தில் உட்காரணும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காதீங்க. முன்கை உள்ளங்கையில் சும்மா கிடத்துங்க, உதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கட்டும்.

காங்கேயம்: அண்ணா, எண்ணிப் பார்த்தேனுங்க. புது ஸ்பிரிங் 35 சுத்து, 3 மி.மீ. கம்பி. உள்ளே இடம் 104. ஒரு தரம் மாட்டுது, ஒரு தரம் மாட்டறதில்லீங்க.

35-ஐ 3-ஆல் பெருக்கினால் 105. அரைத்துத் தட்டையாக்கிய முனைகளால்தான் சில சமயம் மாட்டுகிறது. இன்னொரு முறை இழுக்காதீங்க. கிளாம்பு போட்டுக் கழற்றி, லிவர் வளைந்திருக்கிறதா என்று நேர்ப்பலகை மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய ஸ்பிரிங்கையே டெல்ரின் கைடோடு மாட்டுங்க.