பல ஆண்டுகளாக ஓடாமல் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே சீரமைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: "இருபது ஆண்டுக்கு மேலாக ஓடாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக வருகிறது. வீட்டு கராஜில் வைத்தே சரிசெய்து ஓட்ட முடியுமா? எதில் தொடங்க வேண்டும்?"

முடியும். நானே செய்திருப்பதால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் எதில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதியில் நின்றுபோன வண்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் மாத உற்சாகத்தில் கடைசி போல்ட் வரை கழற்றிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து எது எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். பிறகு அந்த வண்டி அட்டைப் பெட்டிகளாக விலைக்கு வரும். ஆகவே முழுதாகப் பிரிக்காதீர்கள். எஞ்சினிலோ பெயின்டிலோ தொடங்காதீர்கள். வண்டியின் பாரத்தைத் தாங்கும் இடம் எது, அது உறுதியாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

என் வண்டி 1977ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500. இரண்டு பேர் உட்காரும், மேல்துணியை மடித்துவிட்டு ஓட்டும் சின்ன கார். நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரி பக்கம் வசிக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த பெரியவர் ஒருவர் 1998இல் அதை நிறுத்தி வைத்தார். அவர் மறைந்த பிறகு அவருடைய மகள் 900 பவுண்டுக்கு எனக்குக் கொடுத்தார். நான்கு டயரிலும் காற்றில்லை. இருக்கையின் பஞ்சுக்குள் எலி குடியிருந்திருந்தது. மஞ்சள் பெயின்ட் அடியோரமாகக் கொப்பளித்திருந்தது.

வாங்கலாமா என்று பார்க்கப் போன அன்று, இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து பானெட்டைத் தூக்கினேன். சாதாரண பானெட் போல மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். எனக்குச் சட்டென்று ஆறு வயதாகிவிட்டது. நங்கநல்லூர் வீட்டில் அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இப்படித்தான் திறக்கும். மெக்கானிக் பாய் வேலை பார்க்கும்போது நான் முன் டயரின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

அந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. சென்னையில் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டும், கோவென்ட்ரியில் கேன்லி தொழிற்சாலையில் உருவான ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அவர் செய்து கொடுத்த ஸ்பிட்ஃபயர் மாதிரி வண்டி, டிரையம்ப் நிறுவனத்தில் பணமில்லாததால் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்திருக்கிறது. லேலண்ட் நிறுவனம் டிரையம்பை வாங்கிய பிறகு, சொத்துகளைப் பார்வையிட வந்தவர்கள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார்கள். 1962இல் வண்டி விற்பனைக்கு வந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் இன்றும் உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எந்த வண்டியை வாங்கப் போனாலும் இதை முதலில் விசாரியுங்கள். மிக அரிய வண்டி என்றால் ஒரு விளக்குக் கண்ணாடிக்காக ஓராண்டு காத்திருக்க நேரலாம்.

இப்போது பாரத்தைத் தாங்கும் இடத்துக்கு வருகிறேன். ஹெரால்டின் சேசிஸில் பக்கவாட்டிலும் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது. அந்த வேலையை, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகரப் பகுதி செய்கிறது. அதை சில் என்பார்கள். வெளித்தகரம், உள்தகரம், நடுவில் ஒரு வலுத்தகரம் என்று மூன்று அடுக்கு. மேற்கூரை இல்லாத வண்டி என்பதால் நடுவில் மடங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது இவைதான். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் முதலில் தின்பதும் இவற்றைத்தான்.

பார்வைக்கு என் வண்டியின் சில் நன்றாகவே இருந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, முன்னாலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டு போனேன். முதல் ஒரு சாண் தூரம் கவ்விப் பிடித்தது. அதற்குப் பிறகு வழுக்கிக் கீழே விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் முன்பக்கம் தகர ஓசை, அங்கே மட்டும் சுவரைத் தட்டுவது போல மந்தமான ஓசை. ஸ்குரூ டிரைவரால் கிளறியதும் என் சுண்டுவிரல் பருமனுக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் இரும்பே இல்லை, பழுப்புத் தூள்தான். யாரோ ஒருவர் என்றோ பட்டி பார்த்து மெழுகி, பெயின்ட் அடித்து ஒப்பேற்றியிருக்கிறார். வாங்குவதற்கு முன்பே இந்தக் காந்தச் சோதனையைச் செய்யுங்கள். அத்துடன், வண்டியை ஜாக்கில் தூக்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது மாறுகிறது என்றால் உள்ளே எலும்பு இற்றுவிட்டது என்று பொருள். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சில் மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. இதற்காகவே அருகிலிருந்த கல்லூரியின் மாலை வகுப்பில் பத்து வாரம் வெல்டிங் கற்றுக்கொண்டேன். கார்த் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை விழும். வண்டியைத் தொடுவதற்கு முன் பழைய தகரத் துண்டுகளில் இரண்டு மாதம் பழகினேன். பேட்டரி, பெட்ரோல் டேங்க், இருக்கைகள், தரைவிரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்த பிறகே பற்றவைத்தேன். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளித் தண்ணீரும் எப்போதும் இருந்தன. வேலை முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கார்த் தகர மடிப்புகளுக்குள் தீப்பொறி ஒளிந்திருந்து பிறகு புகையும்.

பழைய சில்லை வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து உடலை நெளியாமல் கட்ட வேண்டும். அதைச் செய்தேன். ஆனால் வண்டியை எங்கே தாங்க வைத்தேன் என்பதில் தவறிவிட்டேன். ஸ்டாண்டுகளை சேசிஸின் இரண்டு கோடிகளிலும் கொடுத்திருந்தேன். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. இடது சில்லை முழுதாகப் பற்றவைத்து, ஆறியதும் கதவை மாட்டினேன். மூடவில்லை. மேலே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி காணாமல் போயிருந்தது. மூன்று வார வேலையை வட்டரம்பத்தால் அறுத்தெடுத்தபோது கை நடுங்கியது உண்மை. வலது பக்கத்தை வேறு விதமாகச் செய்தேன். வண்டி தன் சொந்தச் சக்கரங்களில், ஓடும்போது நிற்பது போலவே நின்றது. தகரத்தை இங்கொன்று அங்கொன்றாக மட்டும் பற்றவைத்து, கதவை மாட்டி, மூடி, திறந்து, மறுபடி மூடிப் பார்த்த பிறகே நடுவிலுள்ளதை நிரப்பினேன். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைக்கவும் கூடாது, சூட்டில் தகரம் அலையலையாக நெளிந்துவிடும். ஒரு புள்ளி இந்தக் கோடியில், அடுத்தது அந்தக் கோடியில். பிறகு இடது பக்கத்தையும் அதே முறையில் திரும்பச் செய்தேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பதினொரு மாதம் ஆனது.

அடுத்து முன்சக்கரம். இதில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெரால்டிலும் சரி, ஸ்பிட்ஃபயரிலும் சரி, முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரை போட்டதாக இருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழலும். அதற்குள் கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும், இ.பி. 90 என்ற ரகம். கிரீஸ் அடித்தால் காலப்போக்கில் காய்ந்து, அடிவரை போகாமல் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் படுத்துவிடும். நான் வண்டி வாங்கியிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றி அல்ல. "கீழ்க்கூட்டுல எண்ணெயா கிரீஸா, என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார். பாய் ஒவ்வொரு முறையும் அதற்கு எண்ணெய் விட்ட பிறகுதான் சாவியைக் கொடுப்பாராம்.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே கிரீஸ் பழைய பார் சோப்பு போலக் கட்டியாகியிருந்தது. துடைத்தபோது மரையின் அடி நான்கு சுற்றுகளில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு பக்கத் தண்டுகளையும் கூடுகளையும் புதிதாக மாற்றினேன். இடது வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, மேலே எண்ணெய் கசியும் வரை அழுத்தி நிரப்புகிறேன்.

ஒரு மூலையைக் கழற்றினால் அதைத் துடைத்து, மாற்றி, பூட்டி முடித்த பிறகே அடுத்த மூலைக்குப் போனேன். ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், மேலே தமிழில் பெயர் எழுதி, கழற்றுவதற்கு முன் ஒரு படம். எந்த மாதமும் வண்டி வண்டியாகவே கண்முன் நின்றது. வேலை அலுத்துப்போன நாட்களில் என்னைக் கராஜுக்குள் இழுத்தது அதுதான்.

எஞ்சின் நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தொல்லை தராது. இருபது ஆண்டு நின்ற எஞ்சினுக்குப் பேட்டரி கொடுத்துச் சாவியைத் திருப்பிவிட வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவிட்டு, முன்புறக் கப்பியில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். என்னுடையது மூன்றாம் நாளே சுழன்றது. இந்த எஞ்சினுக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்க இரண்டு பிறைவடிவ வாஷர்கள் இருக்கின்றன. அவை தேய்ந்தால் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு தண்டு எஞ்சினின் உடலையே அரைக்கும், அதோடு எஞ்சின் போயிற்று. ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்புறக் கப்பியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அடித்தொட்டியை இறக்கி, எஞ்சினை வெளியே எடுக்காமலே புது வாஷர் போட்டுவிடலாம். வரிப்பள்ளம் உள்ள முகம் தண்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். சிலிண்டர், குழாய், ரப்பர் எல்லாமே புதிது. பழைய பிரேக் ஷூவின் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஊதவே ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள். பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பரை அது அரித்துவிடும். பெயின்டை மட்டும் வெளியே கொடுத்தேன். இன்றைய இரண்டு கலவைப் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கவே கூடாது. இரண்டு மாதம் என்று சொன்ன பட்டறை ஏழு மாதம் வைத்துக்கொண்டது. பணம் முழுவதையும் முன்கூட்டியே கொடுத்தது என் தவறு, நீங்கள் பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணக் கணக்கு: வண்டி 900 பவுண்டு, உதிரியும் கருவிகளும் பெயின்டும் சேர்த்து ஏறத்தாழ 8,500. விற்றால் அந்தத் தொகை திரும்பாது. லாபத்துக்காக என்றால் இதில் இறங்காதீர்கள். இங்கே நாற்பது ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிக்கு, எம்.ஓ.டி. என்ற ஆண்டுதோறும் செய்யும் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் நானாகவே கொண்டுபோய்ச் சோதித்தேன். நானே பற்றவைத்த வண்டியில் என் மகளை உட்கார வைப்பதற்கு முன் இன்னொருவர் கண் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

போன மே மாதம், நான்கு ஆண்டு இரண்டு மாதத்துக்குப் பிறகு, முதல் நீண்ட ஓட்டமாக கேன்லிக்குப் போனேன். தொழிற்சாலை இப்போது இல்லை, அலுவலகங்களும் கடைகளும்தான். 1980 ஆகஸ்டில் அங்கிருந்து வெளிவந்த கடைசி ஸ்பிட்ஃபயரும் என்னுடையதைப் போலவே இன்கா மஞ்சள். அது விற்கப்படாமல் கெய்டனில் உள்ள கார் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அந்த இடத்தின் வழியாகப் போகும் சாலைக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகைக்கு அடியில் வண்டியை நிறுத்தி, பானெட்டைக் கவிழ்த்து வைத்தேன். என் மகள் டயரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்பாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன்.

மேல்துணி இன்னும் இடது மூலையில் ஒழுகுகிறது. இந்தக் குளிர்காலத்து வேலை அது. நீங்கள் பார்க்கும் வண்டி எந்த மாடல், எந்த ஆண்டு, எங்கே நின்றது என்று எழுதுங்கள். காந்தம் எங்கெல்லாம் வழுக்கி விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.