போவா இரையைக் கக்கினால் அடுத்த இரையைத் தேடாதீர்கள்

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் ரெட் டெயில் போவா (தென் அமெரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத பெரிய பாம்பு) ஒன்று இருக்கிறது. பெண், 3 வயது, 6 அடி, 4 கிலோ. வாங்கிக் கொடுத்தவர் வாரம் ஒரு முயலை உயிரோடு போடச் சொன்னார். போன வாரம் விழுங்கிய முயலை மூன்றாம் நாள் கக்கிவிட்டது. பசிக்குமே என்று மறுநாள் ஒரு கோழிக்குஞ்சு போட்டோம், அதையும் கக்கிவிட்டது. வேறு என்ன போடலாம்?"

எதுவும் போடாதீர்கள். இன்றிலிருந்து 14 நாள் தண்ணீர் மட்டும். பாம்பு கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து மேலே வருகிறது, தொண்டையிலிருந்து வயிறு வரை உள்ள குழாய் புண்ணாகிறது. புண் ஆறுவதற்குள் இன்னொரு இரை உள்ளே போனால் அதுவும் வெளியேதான் வரும். உங்களுக்கு அதுதான் நடந்தது. 4 கிலோ போவா இரண்டு வாரப் பட்டினியில் சாகாது, ஆனால் அடுத்தடுத்துக் கக்கினால் செத்துப்போகும். இந்த 14 நாளும் அதைக் கையில் எடுக்க வேண்டாம், நண்பர்களுக்குக் காட்டவும் வேண்டாம்.

15-ஆம் நாள் 100 கிராமுக்கு மேற்படாத ஒரு எலி, செத்தது. அது உள்ளே தங்கினால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து 150 கிராம். அதுவும் தங்கினால் பிறகு வழக்கமான அளவுக்குப் போகலாம்.

வழக்கமான அளவு என்பதில்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வளர்ந்த போவாவுக்கு ஒரு வேளை இரை அதன் எடையில் 5 முதல் 8 சதவீதம் போதும். 4 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 200 முதல் 320 கிராம், அதாவது ஒரு பெரிய எலி, அல்லது பண்ணையில் இறகோடு முழுசாக வாங்கிய ஒரு காடை, அதுவும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. பண்ணை முயல் ஒன்றரை கிலோ இருக்கும், பாம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதை வாரா வாரம் போட்டிருக்கிறீர்கள், இத்தனை நாள் கக்காமல் இருந்ததே பெரிது.

வாரம் ஒரு முயல் என்று சொன்னவர் முயலும் விற்கிறாரா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கால்நடை மருத்துவரான என்னிடம் பாம்போடு வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இரை விற்பவரிடமே இரை அட்டவணையும் வாங்கி வருகிறார்கள். நீளத்துக்குத்தான் விலை என்பதால் சீக்கிரம் வளர்த்துக் காட்டுவது அந்த ஆட்களுக்கு வழக்கமாகிவிட்டது. பாம்பு தலையைத் தூக்கிப் பாய்ந்ததும் "பாருங்க, எவ்வளவு பசி" என்பார்கள். அசைகிற எதையும் பார்த்துப் பாய்வது போவாவின் சுபாவம், அதைப் பசி என்று எடுத்துக்கொண்டால் வாரா வாரம் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். காட்டில் அது ஓரிடத்தில் கிடந்து, இரை வந்தால் பிடிக்கும், வராவிட்டால் வாரக்கணக்கில் சும்மா இருக்கும். அதன் குடலும் கல்லீரலும் அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைந்தவை. வாரம் ஒரு முயல் என்றால் கல்லீரலில் கொழுப்புதான் படியும். உடம்பை வளைக்கும்போது மடிப்பு மடிப்பாகச் சதை தெரிகிறதா, செதில்களுக்கு நடுவே தோல் விரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கொழுத்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சூடு. இதை நீங்கள் எழுதவே இல்லை. கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறு பக்கம் 26 டிகிரி இருக்க வேண்டும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. கோவையில் மார்கழி இரவில் அந்தச் சூடு தானாக வராது, ஏசி அறையில் எந்த மாதமும் வராது. சூடு இல்லாவிட்டால் இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், அழுகினால் கக்கும். இரையின் அளவு சரியாக இருந்தும் கக்குகிறது என்றால் நான் முதலில் கேட்பது தெர்மாமீட்டரைத்தான்.

உயிருள்ள இரையை இன்றோடு நிறுத்துங்கள். ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு எலியைக் கூண்டுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார், பாம்புக்கு அன்று பசி இல்லை. காலையில் என்னிடம் கொண்டுவந்தபோது முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோலும் சதையும் போய் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பசித்த எலி பாம்பென்றும் பார்க்காது, கொறிக்கும். உறைய வைத்த எலியை வாங்கி, முதல் நாள் இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, கொடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் போட்டுத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படி செய்யுங்கள். நடுவில் பனிக்கட்டி இருக்கக் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. நீளமான இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள்.

"செத்ததைத் தொடவே மாட்டேன் என்கிறது டாக்டர்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அப்படியும் சில பாம்புகள் உண்டு. ஆனால் அப்படிச் சொல்பவரிடம், கண் பால் படிந்த மாதிரி மங்கியிருந்ததா என்று கேட்டால் ஆமாம் என்பார். சட்டை உரிக்கப் போகிற பாம்பு பெரும்பாலும் எதையும் தொடாது, உரித்த பிறகு கொடுத்துப் பாருங்கள். அப்புறம் இரையின் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குங்கள், இருட்டிய பிறகு கொடுங்கள், இடுக்கியால் லேசாக ஆட்டுங்கள், வாங்கவில்லையென்றால் எடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துக் கொடுங்கள். இப்படி இரண்டு மூன்று மாதம் முயன்றும் எடுக்காமல் உடம்பும் வற்றுகிறது என்றால், அப்போதுதான் அப்போதே கொன்ற, சூடு ஆறாத எலி. அதற்கும் அடுத்த படி எனக்குத் தெரிந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

வயல் எலி, வீட்டுப் பொறியில் விழுந்த எலி எதுவும் வேண்டாம். அது முந்தின நாள் எலி மருந்து தின்றிருந்தால் மருந்து பாம்புக்குள்ளும் போகும். கறிக்கடைக் கோழித்துண்டும் வேண்டாம், எலும்பும் குடலும் ஈரலும் சேர்ந்த முழு இரையில்தான் பாம்புக்கு வேண்டிய கால்சியமும் மற்றதும் இருக்கிறது. பால் எந்தப் பாம்புக்கும் உணவில்லை.

பதிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024-இல் விதிகள் வந்தன, போவாவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். வாங்கிக் கொடுத்தவர் "பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் இன்றே பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், சிக்கல் வந்தால் மாட்டுவது நீங்கள். அடுத்து பர்மா மலைப்பாம்பு தருகிறேன் என்று வந்தால் வாங்கவே வாங்காதீர்கள், நம் மலைப்பாம்பைப் போலவே அதுவும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. பதியச் சொல்கிறார்களே, பதிந்தவருக்கு இரையும் சூடும் எப்படி என்று தமிழில் ஒரு பக்கம் கொடுத்தால் என்ன? நான் ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படித்ததில் பாம்புக்கு ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் முயல் விற்பவர் டாக்டர் ஆகிறார்.

100 கிராம் எலியையும் கக்கினால் காத்திருக்காதீர்கள். போவாக்களுக்கு வருகிற ஒரு வைரஸ் நோயின் முதல் அறிகுறியும் இதுதான், உடம்பில் உண்ணி தென்பட்டால் சந்தேகம் இன்னும் கூடும், உடனே பாம்பைப் பார்க்கிற மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு முன், அடுத்து மலம் கழித்ததும் சின்ன டப்பாவில் எடுத்து அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கொடுங்கள். பாம்பு என்றதும் தயங்கினால், புழு முட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுக்குப் பார்க்கிற அதே மைக்ராஸ்கோப்பில்தான் இதையும் பார்க்க வேண்டும்.