மழையில் வயலைப் பாருங்கள்: கேள்வி பதில்

செங்கல்பட்டு, திருவள்ளூர், சென்னை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்குச் சென்னையிலிருந்து பதில் சொல்கிறேன்.

மதுராந்தகம்: மண்ணையும் நீரையும் சரியாகப் பாதுகாக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஐயா?

பதில்: அடைமழையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போங்கள். நீர் எந்த மூலையில் வெளியேறுகிறது? கலங்கிப் போகிறதா, தெளிந்து போகிறதா? கலங்கிப் போவது உங்கள் மேல்மண். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000 லிட்டர். ஐப்பசியில் அதை ஓடவிட்டு, பங்குனியில் போர்வெல்லை ஆழப்படுத்துகிறோம்; இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மழை விட்ட சில நாளில் ஓரடி நீள அகல ஆழத்துக்குத் தோண்டி, மண்புழுக்களை எண்ணித் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். பக்கத்து வயலோடு ஒப்பிட வேண்டாம்.

பொன்னேரி: வயலில் வெள்ளை பூத்திருக்கிறது. ஜிப்சம் போடலாமா?

பதில்: பொறுங்கள். காய்ந்த மண்கட்டி ஒன்றை, மழைநீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் அசைக்காமல் போடுங்கள். நீர் பால்போல் கலங்கி நெடுநேரம் தெளியாவிட்டால் களர், அதாவது சோடியம் மிகுந்த நிலம், என்று சந்தேகிக்கலாம். களருக்கு ஜிப்சம் உதவும். வெறும் உவர் நிலத்தில், அதாவது உப்பு மட்டும் ஏறிய நிலத்தில், ஜிப்சம் உப்பை எடுக்காது. நல்ல நீரைக் கட்டி, வடிகாலில் வடித்துத்தான் உப்பை வெளியேற்ற வேண்டும்.

மீஞ்சூர்: ஐயா சொல்வது தவறு. என் அண்ணன் வயலில் ஜிப்சம் போட்டுத்தான் நெல் தேறியது.

பதில்: அண்ணனின் மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை (pH) எவ்வளவு?

திருவள்ளூர்: நிலக்கடலைக்கு எல்லோரும் ஜிப்சம் போடுகிறோமே!

பதில்: அது வேறு. செடியடியில் மண் அணைக்கும்போது இடுவது, காய் திரள்வதற்கான சுண்ணாம்புச் சத்துக்கும் கந்தகத்துக்கும். நிலச் சீர்திருத்தத்தோடு குழப்பாதீர்கள்.

மீஞ்சூர்: அட்டையைப் பார்த்தேன். 8.9.

பதில்: பார்த்துச் சொன்னதற்கு நன்றி. 8.5ஐத் தாண்டினால் களர் என்று கொள்கிறோம். அண்ணன் செய்தது சரி. ஆனால் அவர் மருந்து பொன்னேரிக்காரருக்குப் பொருந்த வேண்டியதில்லை. உங்கள் பகுதியில் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் ஏறி வந்திருக்கிறது. சென்னைக்கும் ஆலைகளுக்கும் அளவின்றி நீர் இறைத்தது அதற்கு முக்கியக் காரணம். கிணற்று நீரே உப்பானால் ஒவ்வொரு பாசனமும் வயலில் உப்பைச் சேர்க்கும்.

செங்குன்றம்: மண் மாதிரி எப்படி எடுப்பது?

பதில்: வயலில் 10 முதல் 15 இடங்களில், மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம்.

ஊத்துக்கோட்டை: ஒரே இடத்தில் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. மேலே சொல்லிவிட்டேன்.

வேளச்சேரி: மாடித் தோட்டத்தில் ரோஜா வாடுகிறது.

பதில்: தோட்டக்கலைத் துறையினரைக் கேளுங்கள்.

திருப்போரூர்: மண் வளத்துக்கு எந்த டானிக் வாங்கலாம்?

பதில்: இன்று இதே கேள்வி மூன்றாவது முறை. எதையும் வாங்காதீர்கள்! பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கத் தொடங்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். மழை பெய்யும்போது வயலில் நில்லுங்கள். டானிக் டப்பாவில் எழுதாததை அந்த நீர் சொல்லும்.

பொன்னேரி: கட்டியைப் போட்டேன் ஐயா. கரைந்துவிட்டது, ஆனால் நீர் தெளிவாகவே இருக்கிறது.

பதில்: அப்படியானால் இப்போது ஜிப்சம் மூட்டை வாங்காதீர்கள். உப்பு மிகுந்த மண்ணில் களர்த் தன்மை மறைந்தும் நிற்கும். தம்ளரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடியுங்கள். மண்ணோடு சேர்த்து அதையும் ஆய்வகத்தில் கொடுங்கள். இரண்டு முடிவும் வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.